பார்ப்பதற்கென்று ஓர் ஊர்

ரோத்தன்பர்க்கில் எனக்குப் பிடிக்காதது என்று எதுவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. டவ்பர் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே மதிலோடு மதிலாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறிய ஃபிராங்கோனிய நகரத்தில் காலையில் இறங்கியதிலிருந்து மாலை ரயில் ஏறும்வரை சந்தோஷமாகவே இருந்தேன். சுற்றுலாத் தலங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம்மில் பலருக்கு ஒரு சலிப்பு பாவனை வந்துவிடும். கூட்டம், செல்ஃபி, பொம்மைக்கடை, எல்லாம் செட் போட்ட மாதிரி இருக்கிறது என்று நாலு வார்த்தை திட்டிவிட்டால் நாம் மற்றவர்களைப் போன்ற பயணி இல்லை என்பது நிரூபணமாகிவிடும். எனக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. சிவப்பு ஓட்டுக் கூரைகளை, ஜன்னல்தோறும் தொங்கிய ஜெரேனியத்தை, வருடம் முழுவதும் கிறிஸ்துமஸ் மரம் விற்கும் கடையைக்கூட நான் ரசித்தேன். ஊர் திரும்பி வெகுநாள் கழித்து, வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சந்தோஷத்தைப் பற்றி ஒரு சந்தேகம் முளைத்தது. யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை நமக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டால் முதலில் குஷியாக இருக்கும். பிறகு, அளவு கொடுத்தவர் யார் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியோடு மறுபடி மறுபடி அந்த ஒரு நாளுக்குள் போய்ப் பார்க்கிறேன். பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல இதை எழுதவில்லை.

சக பயணிகளைச் சந்திப்பது என்பது ஜெர்மனியில் பல சமயம் ஒரு டிக்கெட் சமாச்சாரம். பவேரியாவுக்குள் நாள் முழுக்க எந்த உள்ளூர் ரயிலிலும் ஏறி இறங்க பயர்ன் டிக்கெட் என்று ஒன்று உண்டு. ஐந்து பேர்வரை சேர்ந்து வாங்கலாம், ஆள் சேரச் சேரத் தலைக்கு விழும் காசு குறையும். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் அது செல்லுபடியாகும். ஆகவே நியூரம்பர்க் நிலையத்து மெஷின்களின் முன்னால் எட்டரை மணி வாக்கில், எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டபடி சிலர் நிற்பார்கள். அப்படித்தான் பிரேசிலிலிருந்து வந்து எர்லாங்கனில் படிக்கும் ஒரு பெண்ணோடு சேர்ந்தேன். டிக்கெட்டின் அடிப்பகுதியில் பயணிகளின் பெயரைப் பேனாவால் எழுதவேண்டும். அவள் பெயரும் அதற்குக் கீழே என் பெயரும். அன்ஸ்பாக்கில் ஒரு மாற்றம், ஷ்டைனாக்கில் இன்னொரு மாற்றம். ஷ்டைனாக்கிலிருந்து ரோத்தன்பர்க்குக்குக் கால் மணி நேரம் ஓடும் சின்ன ரயிலில் ஏறுவதற்குள், கூட வாழ்ந்தவனை விட்டு ஏன் விலகினாள் என்பதை முழுக்கச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை, அதனால்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். பயணத்தில் சந்திப்பவரிடம் நாம் வைக்கும் அந்தரங்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிராத அந்தரங்கம். நம் கதையை அங்கே சற்றுத் திருத்திச் சொல்லலாம், முனை மழுங்கிய இடத்தைக் கூராக்கலாம், பொருந்தாத ஆளைக் கதையிலிருந்தே எடுத்துவிடலாம். நானும் என் பங்குக்கு அப்படித்தான் எதையோ சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் எல்லோரும் போகும் திசையில் நாங்களும் போனோம். ப்ளோன்லைன் என்ற இடத்தில் தெரு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மேலேறி ஒரு கோபுரத்துக்குள் நுழைகிறது, மற்றது சரிந்து இன்னொரு வாயிலை நோக்கி இறங்குகிறது. பிரியும் இடத்தில் மஞ்சள் பூசிய மரச்சட்ட வீடு ஒன்று, ஒரு தோளைத் தாழ்த்தி நிற்கிறது. முன்னால் சின்ன நீர்த்தொட்டி. ஜெர்மனியின் காலண்டர்களில், சாக்லேட் டப்பாக்களில் இந்த வீடு வராத வருடம் இருக்காது. படம் எடுக்க நின்றவர்கள் அத்தனை பேரும் கிட்டத்தட்ட ஒரே கல்லில் கால் வைத்துத்தான் நின்றார்கள், ஒருவர் விலகியதும் அடுத்தவர் அதே கல்லுக்கு வந்தார். யாரும் சொல்லவில்லை, வரிசைக்குக் கயிறு கட்டவில்லை, ஆனாலும் சண்டை சச்சரவு இல்லாமல் நடந்தது. பிரேசில் பெண் படம் எடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பாட்டி வீட்டில் இந்தப் படத்தைத் துண்டு துண்டாகச் சேர்க்கும் விளையாட்டு அட்டை இருந்ததாம். வானத்தின் ஒரு துண்டு தொலைந்துபோயிருந்தது, அந்த ஓட்டை எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். எனக்குப் பாட்டி வீட்டில் அப்படி எதுவும் கிடையாது, இருந்தாலும் அந்த வீட்டை நானும் ஏற்கெனவே பார்த்திருந்தேன். எங்கே, எப்போது என்றுதான் தெரியவில்லை. அங்கே வந்து சேர்கிற எவருக்கும் அது முதல் தடவை போலத் தோன்றவில்லை. சரிபார்க்க வந்தவர்களைப் போல இருந்தோம். பொரித்த மாவும் வனிலாச் சர்க்கரையும் கலந்த வாசனை பக்கத்துக் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஷ்னேபாலன் என்ற உருண்டைப் பலகாரம் அந்த ஊரின் அடையாளம். பார்க்க அழகு, தின்னத் தின்ன வாய் காய்ந்துபோகும்.

புனித யாக்கோபு தேவாலயத்தில் மேற்குப் பக்கத்துப் படிகளேறினால் டில்மன் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய பலிபீடம் இருக்கிறது. அந்த மாடத்துக்கு அடியில் தெரு போகிறது, தலைக்கு மேல் தேவாலயம் இருப்பது தெரியாமலே வண்டிகள் கடக்கின்றன. 1501க்கும் 1505க்கும் இடையில் செதுக்கியது. ஆண்டவரின் இரத்தத்துளி என்று நம்பப்பட்ட ஒரு திருப்பொருளை வைப்பதற்கென்றே செய்யப்பட்ட பீடம், யாத்ரீகர்கள் அதற்காகவே வந்தார்கள். சுற்றுலா என்ற சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர் பார்க்க வருபவர்களை எதிர்பார்த்து இடம் ஒதுக்கிவைத்திருந்தது. மரத்தின் மேல் வர்ணம் கிடையாது. தேன் நிறத்து லிண்டன் மரம் அப்படியே விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. கடைசி இராவுணவுக் காட்சிக்குப் பின்னால் சின்னச் சின்ன வட்டக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், அவற்றின் வழியாக வெளியே இருக்கும் நிஜ வெளிச்சம் சீடர்களின் முதுகில் விழுகிறது. மேகம் நகர்ந்தால் ஒரு சீடரின் முகம் இருட்டுகிறது, இன்னொருவரின் தாடிச்சுருள் துலங்குகிறது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. இப்படிப்பட்ட காட்சிகளில் கிறிஸ்துதான் நடுவில் இருப்பார். இங்கே நடுவில் நிற்பது யூதாஸ். கையில் பணப்பை. கிறிஸ்து ஒரு ஓரமாக இருந்து அவனுக்கு அப்பத் துண்டை நீட்டுகிறார். எல்லாப் பார்வைகளும் கடக்கும் இடத்தில் காட்டிக்கொடுக்கப் போகிறவனை வைத்திருக்கிறான் சிற்பி. அந்த யூதாஸின் முகத்தில் கொடூரம் இல்லை. வேறு வேலையாக இருந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பியவனின் குழப்பம்தான் இருக்கிறது. அந்த ஒரு உருவத்தைத் தனியே கழற்றி எடுக்கும்படி செய்திருக்கிறார்கள். எடுத்துவிட்டால் பின்னால் மறைந்திருக்கும் யோவான், ஆண்டவரின் மார்பில் சாய்ந்து கிடப்பது தெரியுமாம். காட்சி கலையாமல் ஒருவனை மட்டும் எடுத்துவிட முடியும் என்பதை மரவேலைத் திறமை என்று நினைத்து வியந்துவிட்டு இறங்கினேன். ரீமன்ஷ்னைடரைப் பின்னாளில், 1525 விவசாயிகள் கலகத்துக்குப் பிறகு, வூர்ட்ஸ்பர்க்கில் சிறையில் போட்டுச் சித்திரவதை செய்தார்கள் என்பதைப் படியில் இறங்கும்போது அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கையை உடைத்தார்களா என்று உடனே கேட்டாள். அப்படி ஒரு கதை இருக்கிறது, கதைதான் என்றேன். உடைத்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருக்கும் என்றாள், சிரிக்காமல்.

கதை நன்றாக இருப்பதற்காகவே அந்த ஊர் எடுத்துக்கொண்ட சிரமங்கள் கொஞ்சநஞ்சமல்ல. முப்பதாண்டுப் போரில், 1631இல், தில்லி என்ற தளபதி ஊரைப் பிடித்தான். மூன்றேகால் லிட்டர் ஒயினை ஒரே மூச்சில் குடித்துக்காட்டுபவன் இருந்தால் ஊரை விட்டுவிடுகிறேன் என்றானாம். நூஷ் என்ற முன்னாள் மேயர் குடித்துவிட்டாராம். சந்தை சதுக்கத்தில் மணிக்கொரு தரம் ஜன்னல் திறந்து ஒரு பொம்மை குடிக்கிறது, இன்னொரு பொம்மை பார்க்கிறது, கீழே நூறு செல்போன்கள் உயர்கின்றன. இதை நாடகமாக எழுதியவர் ஆதம் ஹொர்பர் என்ற உள்ளூர்க்காரர், 1881இல் முதலில் அரங்கேறியது. வரலாற்றாசிரியர்கள் யாரும் இதை நம்பவில்லை, ஊரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நடந்தது என்னவென்றால், அந்தப் போருக்குப் பிறகு ஊர் நொடித்துப்போனது. இடித்துக் கட்டப் பணம் இல்லை, மதிலைத் தாண்டி வளர ஆள் இல்லை. நவீனமாகும் சக்தி இல்லாததால் பழமை பிழைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் வந்து அந்த வறுமையைப் பார்த்து மயங்கினார்கள், அவர்களுக்குப் பின்னால் ரயில் வந்தது, ரயிலுக்குப் பின்னால் மற்றவர்கள். இதுவரையில் எனக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் 1930களில் தொடங்குகிறது. நாஜிகள் தொழிலாளர்களை மகிழ்விக்க நடத்திய இயக்கத்தின் உல்லாசப் பயணங்களில் இந்த ஊருக்குத் தனி இடம். ஜெர்மன் ஊர் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று காட்ட, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1937இல் நகர வாயில்களில் யூதர்களைப் பழிக்கும் மரப்பலகைகள் மாட்டப்பட்டன. நல்ல வேலைப்பாட்டோடு, ஊரின் அழகுக்கு ஏற்றாற்போல. 1938 அக்டோபர் 22 அன்று, நாடு முழுக்க யூதக் கோயில்கள் எரிந்த இரவுக்கு இரண்டு வாரங்களுக்கும் மேல் முன்னதாகவே, மிஞ்சியிருந்த பதினேழு யூதர்களையும் ஊர் விரட்டியது. யாரும் மேலிருந்து உத்தரவிடக் காத்திருக்கவில்லை.

அந்த உல்லாசப் பயணத்தில் வந்திறங்கிய ஒருவனை நினைத்துப் பார்க்கிறேன். ரூர் பகுதியில் ஏதோ ஆலையில் வேலை. வாழ்க்கையில் முதல் தடவையாக விடுமுறை, முதல் தடவையாக வீட்டுக்கு வெளியே இரவு. அவனும் ப்ளோன்லைனில் வந்து அதே கல்லில்தான் நின்றிருப்பான். அதே மஞ்சள் வீடு, அதே சரிவு. அவனுக்கும் மனம் நிறைந்திருக்கும், எனக்கு நிறைந்ததைப் போலவே. நான் எல்லாம் படித்தவன், அவன் ஏமாற்றப்பட்டவன் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே நின்ற அந்த அரை நிமிடத்தில் நான் எதைப் படித்திருந்தேன் என்பதற்கு என்ன மரியாதை? கண் கண்டது, உடம்பு லேசானது, அவ்வளவுதான். அழகு ஆள் பார்த்து வருவதில்லை, எனக்குக் கொடுத்ததை ஒரு குந்துமணி குறையாமல் அவனுக்கும் கொடுத்திருக்கும். அதில் என்ன தவறு என்று நண்பர் ஒருவர் கேட்டார். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்கும்போது ராஜராஜனின் போர்களையா நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நியாயமான கேள்விதான். ஆனாலும் முழுக்கப் பொருந்தவில்லை. போர்கள் கோயிலுக்கு வெளியே நடந்தவை. இங்கே, விரட்டியவர்கள் விரட்டியதைச் சுத்தப்படுத்தும் வேலை என்று நினைத்தார்கள், ஊரைப் பார்வைக்கு முழுமையாக்கும் வேலை என்று. அப்படியானால் நான் ரசித்த முழுமையில் அந்த வேலைக்கும் ஒரு பங்கு இருக்கிறதா? இல்லை என்று அறிவு சொல்கிறது, ஏனென்றால் அவர்கள் போனதால் ஒரு கூரைகூட மாறவில்லை. ஒரு கூரைகூட மாறவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மதிலின் மேல் நடப்பதற்கு மரக்கூரை போட்ட ஒரு நீளமான நடைவழி இருக்கிறது. கூரை தாழ்வு, இரண்டு இடங்களில் எனக்கு நெற்றி இடித்தது. ஒரு பக்கம் அம்பு எய்யும் பிளவுகள், மறு பக்கம் வீடுகளின் பின்புறங்கள்: துணிக்கொடி, குழந்தைகளின் சறுக்குமரம், குப்பைத் தொட்டிகள். உட்சுவரில் சில அடிகளுக்கு ஒரு கல் என்று பெயர்கள் பொறித்துப் பதித்திருக்கிறார்கள். ஆட்களின் பெயர், ஊர். 1945 மார்ச் 31 அன்று பதினாறு அமெரிக்க விமானங்கள் வேறொரு இலக்கின் மேல் பனிமூட்டம் இருந்ததால் திரும்பி வந்து இங்கே குண்டு போட்டன. முப்பத்தொன்பது பேர் இறந்தார்கள், முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளும் ஒன்பது கோபுரங்களும் அறுநூறு மீட்டர் மதிலும் போயின. பழைய நகரத்தின் கிழக்குப் பகுதி தரைமட்டம். மதிலைத் திரும்பக் கட்ட உலகெங்குமிருந்து பணம் வந்தது, கொடுத்தவர்களின் பெயர்கள்தான் அந்தக் கற்கள். அமெரிக்கர்கள் நிறைய, ஜப்பானியர்கள் அதைவிட அதிகமோ என்று தோன்றும். வயதான ஜப்பானியப் பெண்மணி ஒருவர் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படித்தபடி எங்களுக்கு எதிரே வந்தார். எங்களிடம் ஒரு காகிதத்தைக் காட்டினார், அதில் ஜப்பானிய எழுத்தில் ஒரு பெயர், பக்கத்தில் ரோமன் எழுத்தில். கணவருடைய அலுவலக நண்பர்கள் சேர்ந்து கொடுத்த கல் என்று புரிந்துகொண்டோம். மூவருமாகக் கொஞ்ச தூரம் தேடினோம். தேடும்போதுதான் அந்தப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தேன், அதுவரை அவை எனக்குச் சுவரின் அலங்காரம். கல் கிடைத்தது. அவர் அதைத் தொடவில்லை, படம் எடுக்கவில்லை, காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எங்களுக்குத் தலைவணங்கிவிட்டு வந்த வழியே திரும்பினார். மதிலின் மீதியைப் பார்ப்பதில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை.

மிஞ்சிய ஊர் எப்படித் தப்பியது என்பதற்கும் ஒரு பயணிதான் காரணம். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஊரை நெருங்கியபோது, ஜான் மெக்ளாய் என்ற அமெரிக்கப் போர்த்துறை உதவிச் செயலர் பீரங்கி வேண்டாம் என்று தளபதியிடம் சொன்னார். அவருடைய அம்மா எப்போதோ ரோத்தன்பர்க்குக்கு வந்து மயங்கி, அந்த ஊரின் படம் ஒன்றை வாங்கிப்போய் வீட்டில் மாட்டியிருந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவர் மெக்ளாய். சில சிப்பாய்கள் சமாதானக் கொடியோடு நுழைந்தார்கள், உள்ளூர்த் தளபதி ஹிட்லரின் உத்தரவை மீறி ஊரைக் கொடுத்துவிட்டார். இதை அந்த ஊரில் எல்லோரும் பெருமையோடு சொல்வார்கள், மெக்ளாயை ஊரின் கௌரவப் பாதுகாவலர் ஆக்கினார்கள். சுற்றிப் பார்க்கப் போனவர்கள் உலகத்துக்கு என்ன செய்துவிட்டார்கள் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரு பெண்மணி சுவரில் மாட்டிய படம் பாதி நகரத்தைக் காப்பாற்றிவிட்டது. அதே மெக்ளாயிடம்தான், முந்தைய வருடம், ஆஷ்விட்ஸுக்குப் போகும் ரயில் பாதையைக் குண்டு போட்டுத் தகருங்கள் என்று யூத அமைப்புகளின் கோரிக்கைகள் வந்தன. முடியாது என்று போன பதில் கடிதங்களில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமா என்று எனக்கே தெரியவில்லை. ராணுவக் காரணங்கள் இருந்தன, குண்டு போட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இருந்தும், ஓர் இடம் கண்ணுக்குத் தெரிந்திருந்தது, மற்றோர் இடம் தெரிந்திருக்கவில்லை என்ற எண்ணத்தைத் தள்ளிவிட முடியவில்லை. ஆஷ்விட்ஸின் படத்தை அப்போது எந்த அம்மாவும் வீட்டில் மாட்டியிருக்கவில்லை.

ரோடர் கோபுரத்தின் உச்சியில் அந்தக் குண்டுவீச்சின் புகைப்படங்களைச் சிறிய கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். ஏறுவதற்கு மரப்படிகள், செங்குத்து. மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு, படத்தில் இருக்கும் இடிபாட்டையும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கூரைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தெருவின் வளைவும் கூரையின் சரிவும் பழையபடியே. ஆனால் பழகினால் கண் பிடித்துவிடும்: புதிதாகக் கட்டியவற்றில் சாந்து வழவழப்பாக இருக்கிறது, மரச்சட்டம் குறைவு, ஜன்னல்கள் ஒரே அளவு. பொய் சொல்லாமல், அதே சமயம் உண்மையை உரக்கவும் சொல்லாமல் கட்டியிருக்கிறார்கள். அதை நான் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "தமிழோ?" என்றது. அறுபதைக் கடந்தவர், கூடவே மகள், மருமகன். எசெனில் இருக்கிறார்கள், நியூரம்பர்க்கில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் இங்கே வந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். "நான் எண்பத்தஞ்சில வந்தனான் தம்பி. கிழக்கு பெர்லினில இறங்கி இங்கால பக்கம் மாறினது. பிறகு சிர்ண்டோர்ஃப் காம்ப். அங்கயிருந்து பாட் விண்ட்ஸ்ஹைமுக்குப் பக்கத்தில ஒரு கிராமத்தில, பழைய சாராயக்கடை ஒண்டின்ர மேல்மாடியில விட்டவங்கள். ஆறு பேர் ஓர் அறையில." அது இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "உந்தா, உதுக்குள்ளதான்" என்றார்.

அப்படியானால் ரோத்தன்பர்க்குக்கு அப்போதே வந்திருப்பீர்களே என்றேன். மகள் சிரித்தார், இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்திருந்தார் என்று பட்டது. அகதி மனு நிலுவையில் இருப்பவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று 1982இல் மேற்கு ஜெர்மனி சட்டம் கொண்டுவந்தது. 2015வரை அது பெருமளவுக்கு நடைமுறையில் இருந்தது. முதல் தடவை பிடிபட்டால் அபராதம், மறுபடி பிடிபட்டால் குற்ற வழக்கு. ரோத்தன்பர்க் அன்ஸ்பாக் மாவட்டத்தில் இருக்கிறது. இவர் இருந்தது பக்கத்து மாவட்டம். ஷ்டைனாக் நிலையம்கூட இவருடைய மாவட்டத்துக்குள்தான் வருகிறது. அங்கே வந்து நிற்கலாம், எங்களைப் போன்றவர்கள் சின்ன ரயிலில் ஏறுவதைப் பார்க்கலாம், ஏறக்கூடாது. "போறதெண்டா கந்தோரில கடிதம் எடுக்கோணும். என்னத்துக்குப் போறாய் எண்டு கேப்பான். ஊர் பார்க்கப் போறன் எண்டா தருவானே? தண்டம் கட்டுறதுக்கும் ஆர் காசு தாறது?" ஷ்டைனாக் வரை சைக்கிளில் வருவாராம். பிளாட்பாரத்தில் ரோத்தன்பர்க் படம் போட்ட பெரிய விளம்பரம் இருந்ததாம், இந்த மதிலும் கோபுரங்களும். "ஒருக்கா ஒரு ஜப்பான்காரன் என்னட்டயே கேட்டவன், இந்தக் கோச்சிதானே ரோத்தன்பர்க் போறது எண்டு. ஓம் எண்டு ஏத்திவிட்டனான்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பு எதுவும் இல்லை. அவருடைய கதையும் பயணத்தில் சொல்லப்படும் கதைதான், எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி மெருகேறியது, மகளுக்கு எங்கே சிரிக்கவேண்டும் என்று தெரியும். அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வெளியே பார்த்தார். "வடிவுதான்" என்றார்.

கீழே இறங்கி எல்லோருமாக நடந்தோம். பிரேசில் பெண்ணும் மகளும் ஜெர்மனில் பேசிக்கொண்டு முன்னால் போனார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் கார் ஷ்ரானன்பிளாட்ஸில் நிற்கிறது என்று நினைத்து அங்கே போனேன். காரில் வரவில்லையாம், கழிவறைதான் தேவைப்பட்டதாம். அந்தச் சதுக்கம் இன்று வாகனங்கள் நிறுத்தும் இடம். நடுக்காலத்தில் அது யூதர்களின் இடுகாடு. 1520இல் ஊர் யூதர்களை வெளியேற்றியது, ரீமன்ஷ்னைடரின் பலிபீடம் முடிந்து பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது. அதோடு கல்லறைக் கற்கள் கட்டுமானக் கற்கள் ஆயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியபோது எழுத்துள்ள கற்கள் வெளியே வந்தன. இந்த ஊரிலிருந்து நாற்பது வருடத்துக்கு மேல் கற்பித்த ராபி மேயிர், ஐரோப்பாவின் யூதர்களுக்கெல்லாம் சட்டம் சொன்னவர். வெளியேறிப் போக முயன்றபோது 1286இல் பிடித்தார்கள். மீட்புப் பணம் கேட்டார்கள். சமூகம் கொடுக்கத் தயாராக இருந்தது, அவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். கொடுத்துவிட்டால் அடுத்து ஒவ்வொரு ராபியையும் பிடித்துப் பணம் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. 1293இல் சிறையிலேயே செத்தார். உடலையும் பணம் வராமல் கொடுக்கவில்லை, பதினாலு வருடம் கழித்து ஒருவர் பணம் கட்டி மீட்டு வோர்ம்ஸில் அடக்கம் செய்தார். நான் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டே வந்த யாழ்ப்பாணத்துக்காரர் நின்றுவிட்டார். "பிரேதத்தையுமோ வச்சிருந்தவங்கள்?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கழிவறைக்கு ஐம்பது சதமா ஒரு ஈரோவா என்று மருமகனிடம் கேட்டார்.

மாலை ரயிலில் ஷ்டைனாக்குக்கு வந்து இறங்கினோம். நியூரம்பர்க் திரும்ப அங்கிருந்து இரண்டு வழி உண்டு. அன்ஸ்பாக் வழி போகலாம், பாட் விண்ட்ஸ்ஹைம் வழியாக நோய்ஷ்டாட் போய் மாறியும் போகலாம். பயர்ன் டிக்கெட் இரண்டுக்கும் செல்லும். பிளாட்பாரத்தில் அவர் தேடிய விளம்பரம் இல்லை, கண்ணாடிக்குள் நேர அட்டவணை மட்டும்தான் இருந்தது. இந்த வழியாகவே போவோம் என்றார் அவர். மகள் விருப்பமில்லாமல் போனை எடுத்துப் பார்த்தார். "அங்க என்னப்பா இருக்கு பார்க்க?" "ஒண்டும் இல்லை. ஒரு மியூசியம் இருந்தது. பழைய வீடுகளையெல்லாம் ஊர் ஊராக் கழட்டிக்கொண்டு வந்து திரும்பப் பூட்டி வச்சிருக்கிறாங்கள்." அது 1982இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம், ஃபிராங்கோனியப் பண்ணை வீடுகளைப் பெயர்த்துவந்து வயல்வெளியில் நிறுத்தியிருப்பார்கள். அவருடைய மாவட்டத்துக்குள்ளேயே இருந்த காட்சி அது. பார்த்தீர்களா என்று கேட்டேன். "உள்ளுக்க போகேல்லத் தம்பி, டிக்கெட் காசு கூட. வேலியால பார்த்தனான்." மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்பா, ஆறு மணிக்குப் பூட்டிடுவாங்களாம். நாங்கள் போய்ச் சேர ஆறரை ஆகும்." அவர் எங்களைப் பார்த்து, "நீங்களும் வாங்கோவன்" என்றார். பிறகு மகளிடம், "பூட்டினா என்ன, வேலியால பார்ப்பம்."